அவர் பின்னால் உட்கார்ந்த வண்டி

இனிமேல் மோட்டார்சைக்கிள் ஓட்ட வேண்டாம் என்று கண் மருத்துவர் சொன்னபோது என் கணவரின் மடியில் ஹெல்மெட் இருந்தது. அன்றைக்கும் நாங்கள் வண்டியில்தான் மருத்துவமனைக்குப் போயிருந்தோம்.

அதற்கு முன்னால் ஓர் இருட்டறையில் சோதனை நடந்தது. ஓர் இயந்திரத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே அங்கங்கே சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் மின்னும். கண்ணில் பட்டவுடன் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் கதவோரம் உட்கார்ந்து பொத்தான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இடையிடையே வெகுநேரம் சத்தமே வரவில்லை.

கிளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய் என்றார்கள். நேரே பார்ப்பது தெளிவாக இருக்கிறது, பக்கவாட்டுப் பார்வைதான் இரண்டு கண்ணிலும் பெரும்பகுதி போய்விட்டது. போனது திரும்பாது. சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டு வந்தால் மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

“வீடு வரைக்கும் மட்டும் ஓட்டிட்டுப் போலாமா டாக்டர்?” என்று கேட்டார் இவர். மருத்துவர் என்னைப் பார்த்தார். சிங்கப்பூரில் எங்கள் வீடு இருக்கும் செங்காங்குக்கு ரயிலில் திரும்பினோம். வண்டி இரண்டு நாள் மருத்துவமனை கார்பார்க்கிலேயே நின்றது. பிறகு இவருடைய அலுவலக நண்பர் ஒருவர் ஓட்டி வந்து எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே விட்டுப் போனார்.

இருநூறு சிசி வண்டி, கறுப்பு நிறம். ஏழு வருடமாக எங்களிடம் இருந்தது. இவர் விமானச் சரக்குப் பிரிவில் மேற்பார்வையாளர். வாரம் முழுக்க கணினியும் பட்டியலுமாக இருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை காலைகள் அந்த வண்டிக்கு. செயினைத் துடைப்பார், எண்ணெய் விடுவார், பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்வார். கைப்பிடி ரப்பர், கண்ணாடி, முன்விளக்கு என்று எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பார். பிறகு சுவா சூ காங் தாண்டி, பண்ணைகள் இருக்கும் பக்கமாக ஒரு சுற்று. மகள் படிக்க மெல்பர்ன் போனதிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சில வாரம் நானும் பின்னால் உட்கார்ந்து போவேன்.

மருத்துவர் சொன்ன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே போவதை இவர் விடவில்லை. பேட்டரி செத்துவிடக்கூடாது என்று பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுவார். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். நகராத வண்டிமேல் ஹெல்மெட் இல்லாமல், கைகளைப் பிடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். நான்காவது வாரம் மேலே வந்து, “வித்துடலாம் மா,” என்றார். குளிக்கப் போய்விட்டார்.

வண்டியைப் பார்க்க வந்தவர் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம். என் கணவரைவிட நான்கைந்து வயது சிறியவர். நாங்கள் அவரை பாய் என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் ஒரு சனிக்கிழமை மாலை வந்தார். நானும் கீழே போனேன்.

பாய் இன்ஜினைக் கிளப்பச் சொன்னார், ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டார், டயரைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு அது போதும் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் இவர் விடவில்லை. “காலையில ஸ்டார்ட் பண்ணினா உடனே ஆக்சிலரேட்டரைத் திருகாதீங்க. அரை நிமிஷம் விடுங்க. மழையில நனைஞ்சா செயினை அன்னைக்கே துடைச்சிடுங்க, மறுநாள்னு வைக்காதீங்க. இந்தக் கிளட்ச் கேபிள் நான் போட்டது, கொஞ்சம் லூசாத்தான் இருக்கும், அதுதான் சரி, டைட் பண்ணிடாதீங்க.” இப்படியே முக்கால் மணி நேரம். பாய் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. அண்ணன் வண்டி விக்க வரல. பொண்ணக் கட்டிக் குடுக்கற மாதிரி பேசறாரு. இத நான் எடுத்துட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது.”

இவர் சிரிக்க முயன்றார். முடியவில்லை. வண்டி டேங்கை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே நின்றார்.

எனக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. “நான் ஓட்டக் கத்துக்கறேன்,” என்றேன்.

எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. பாலர் பள்ளியில் தமிழ் ஆசிரியர். பாசிர் ரிஸ் பூங்காவில் சின்ன வயதில் வாடகைச் சைக்கிள் ஓட்டியதோடு என் வாகன அனுபவம் முடிந்திருந்தது. இவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உனக்குக் கால் எட்டாது.”

“எட்ட வைங்க.”

பாய் கைகொட்டிச் சிரித்தார். “பாத்தீங்களா அண்ணே, ஆள் கிடைச்சாச்சு லா!”

பயிற்சி மையத்தில் என் வகுப்பில் இருந்தவர்கள் எல்லோருக்கும் இருபது வயதைச் சுற்றித்தான் இருக்கும். முதல் நாள் கீழே விழுந்த வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்கள். மூன்றாம் முயற்சியில்தான் தூக்கினேன். முழங்கையில் சிராய்ப்பு, தொடையில் நீலம். திங்கட்கிழமை பிள்ளைகளோடு தரையில் உட்கார முடியாமல் நாற்காலி போட்டுப் பாடம் நடத்தினேன்.

எல்லாவற்றிலும் கஷ்டம் பலகைதான். தரையிலிருந்து சற்றே உயர்ந்த ஒடுங்கிய பலகைமேல், மெதுவாக, விழாமல் ஓட்டிக் கடக்க வேண்டும். சக்கரம் வழுக்கிக் கீழே இறங்கினால் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். முதல் தேர்வில் பாதிப் பலகையில் இறங்கினேன். ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பயிற்றுநர், ஒரு சீன முதியவர், பக்கத்தில் வந்து என் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, “கீழே பார்த்தீங்க, அதான் கீழே போனீங்க,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “பலகை அங்கேயே இருக்கும், ஓடிடாது. நீங்க தூரத்துல இருக்கிற மரத்தைப் பாருங்க.”

வீட்டில் இவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். ஓடிப்போய் ஒரு கோப்பை மைலோ கலந்து கொண்டுவந்து வைத்தார். “நான் ரெண்டு தடவ ஃபெயில் ஆனேன்,” என்றார். கல்யாணமாகி இருபத்தொரு வருடத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை. அடுத்த தேர்வில் மரத்தைப் பார்த்தேன். பாஸானேன்.

உரிமம் கைக்கு வருவதற்குள் வண்டியை எனக்கு ஏற்றதாக்க வேண்டியிருந்தது. வண்டியின் உயரத்தைக் குறைக்க வேறு வழிகள் உண்டு, ஆனால் சிலவற்றுக்கு அனுமதி வாங்க வேண்டும், பரிசோதனை வேண்டும். எதிலும் சட்டத்தை மீறக்கூடாது என்பதில் இவர் கறார். கடைசியில் இருக்கையின் பஞ்சைச் செதுக்கிக் குறைப்பது என்று முடிவானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, இருக்கையைக் கவிழ்த்து வைத்து, அடியில் உறையைப் பிடித்திருந்த ஸ்டேப்ளர் ஊசிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். மேலுறையை உரித்தபோது உள்ளே மஞ்சள் பஞ்சு. முன்பக்கத்தில் ஒரு பள்ளம். ஏழு வருடமாக இவர் உட்கார்ந்து உட்கார்ந்து உண்டான பள்ளம். இவர் அதன்மேல் விரல்களை வைத்துத் தடவினார். ரொட்டி வெட்டும் கத்தியை நான் எடுத்தேன்.

“குடு, நான் வெட்டறேன்.”

“கையில பட்டுடும்ங்க.”

“நேரா இருக்கறது எனக்கு நல்லாத் தெரியும். குடு.”

கொடுத்தேன். அவர் மெல்லிய துண்டுகளாக, பொறுமையாக வெட்டினார். ஒவ்வொரு துண்டு எடுத்ததும் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, அடுத்ததை வெட்டினார். மதியத்துக்குள் இருக்கையை இரண்டு விரல் உயரம் இறக்கிவிட்டார். கீழே கொண்டுபோய் மாட்டி உட்கார்ந்தபோது இரண்டு பாதத்தின் முன்பகுதியும் தரையில் பட்டது. “எட்டுது!” என்று கத்தினேன். காய்கறிப் பையோடு போன சீனப் பெண்மணி நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இவர் மட்டும் வெட்டிய பஞ்சைக் குப்பையில் போடாமல் ஒரு பையில் கட்டி வைத்துக்கொண்டார்.

பழுது பார்க்கும் வேலையும் என் கைக்கு வந்தது. பாயின் மச்சானுக்கு காக்கி புக்கிட் பக்கம் ஒரு மரப்பட்டறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. அதன் முன்வாசலில் பாயும் அவருடைய நண்பர்கள் சிலரும் தங்கள் வண்டிகளைக் கழற்றிப் பூட்டுவார்கள். எங்களையும் வரச்சொன்னார். நான் வண்டியில் போவேன், இவர் ரயிலில் வந்து சேருவார். என் நம்பர் பலகைக்குப் பக்கத்தில் புது ஓட்டுநருக்கான ஆரஞ்சு முக்கோணம் ஒட்டியிருந்தது. அது இருக்கும் ஒரு வருடமும் யாரையும் பின்னால் ஏற்றுவதில்லை என்று நானே ஒரு விதி வைத்திருந்தேன். இவர் உட்பட.

அங்கேதான் எங்கள் பெரிய சண்டை நடந்தது. இன்ஜின் ஆயில் மாற்றும் வேலை. பழைய ஆயிலை வடித்துவிட்டு அடியிலுள்ள போல்ட்டைத் திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தேன். ஒழுகக் கூடாதே என்ற பயத்தில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முடுக்கினேன். திடீரென்று ஸ்பேனரில் பிடிமானமே இல்லாமல் போனது. போல்ட் சும்மா சுற்றியது.

“மரை போச்சு,” என்றார் பாய் மெதுவாக.

என் கணவர் வெடித்தார். “எத்தன தடவ சொன்னேன்? கையில இறுக்கம் வந்ததும் கால் சுத்து, அதோட நிறுத்துன்னு! ஒரு போல்ட்டக்கூட ஒழுங்கா முடுக்கத் தெரியலைன்னா எதுக்கு இந்த வேல?”

எல்லோர் முன்னாலும். நானும் விடவில்லை. “கண்ணு நல்லா இருந்தப்ப நீங்களே பண்ணி முடிச்சிருக்க வேண்டியதுதானே!”

சொன்ன நொடியே வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றியது. இவர் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண்ணெய்த் துணியைக் கசக்கிக்கொண்டு நின்றேன்.

பாய் எதுவும் கேட்காதவர்போல் வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளிருந்து அவர் குரல் வந்தது.

“அண்ணே, இந்த ஓட்டையில ஏற்கெனவே ஒரு சுருள்கம்பி இருக்கே. முன்னாலயே யாரோ மரையக் கெடுத்து, சுருள் போட்டு சரி பண்ணியிருக்காங்க. வண்டி புதுசா வாங்கினதுலேருந்து உங்ககிட்டதானே இருக்கு?”

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இவர் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக என்னென்னவோ வந்து போனது.

“வாங்கின மறு வருஷம்,” என்றார் கடைசியில். “ரொம்ப முடுக்கிட்டேன். ஒழுகிடுமோன்னு பயம்.”

முதலில் சிரித்தது நான்தான். அப்புறம் பாய், அப்புறம் மற்றவர்கள். கடைசியாக இவரும். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அது சிரிப்பினால் மட்டும் வந்ததில்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க,” என்றேன். “நானுந்தான்,” என்றார். பாய் புதுச் சுருள் போட்டுக் கொடுத்தார். இந்த முறை போல்ட்டை நான் முடுக்க, இவர் தன் கையை என் கைமேல் வைத்துக்கொண்டார். “இதோ… இப்ப… போதும்.” அந்தப் “போதும்” எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் என் மணிக்கட்டுக்குப் புரிந்தது.

ஆரஞ்சு முக்கோணத்தை உரித்தெடுத்த அந்த வாரமே இவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சுவா சூ காங் பக்கம் கிளம்பினேன். நேர்ச்சாலையில் ஒன்றும் தெரியவில்லை. முதல் வளைவில் நான் இடதுபக்கம் சாய்ந்தபோது பின்னால் இவர் வலதுபக்கம் சாய்ந்தார். வண்டி அலைந்தது. அடுத்த வளைவிலும் அதேதான், போதாக்குறைக்கு என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பண்ணைகளுக்குப் போகும் கிளைச்சாலை ஒன்றில் வண்டியை ஓரங்கட்டினேன்.

“ஏன்ங்க, எதிர்ப்பக்கம் சாயறீங்க? நான் பின்னால உக்காந்தப்ப இதத்தானே சொல்லுவீங்க, ‘மூட்ட மாதிரி உக்காரு, என்கூடவே சாயி’ன்னு?”

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். வேர்த்துப்போயிருந்தது. சாலையோரப் புல்லைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“எனக்குப் பக்கத்துல ஒண்ணுமே தெரியல மா. முன்னால உன் ஹெல்மெட்தான் தெரியுது. வளைவு வர்றது தெரியல. திடீர்னு சாயுது. நீ சாய்க்கறியா, நாம விழறமான்னு எனக்குப் புரியல.”

மருத்துவமனையிலிருந்து வந்த இத்தனை மாதத்தில், கண் தெரியாமல் இருப்பது எப்படி இருக்கிறது என்று அவர் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. நானும் கேட்டதில்லை. அவருக்கு வலிக்கும் என்று கேட்காமல் இருந்தேன். அவர், நான் பயப்படுவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். கொஞ்ச நேரம் அந்தப் புல்மேலேயே உட்கார்ந்து பேசினோம். இரவில் பேருந்து நிறுத்தத்தில் ஆட்கள் திடீர் திடீரென்று முளைப்பதுபோல் வருவது, படிக்கட்டில் கடைசிப் படியைக் காலால் தேடுவது, எல்லாவற்றையும் சொன்னார்.

அடுத்த வாரம் இரண்டு ஹெல்மெட்டிலும் பேசும் கருவியைப் பொருத்தினோம். பொருத்தியது அவர்தான், அந்த மெல்லிய வயரை உள்பஞ்சுக்கடியில் ஒளித்து வைப்பதற்கு அவர் விரல்களுக்குக் கண் தேவைப்படவில்லை. பின்னிருக்கைக்குச் சாய்மானத்தோடு ஒரு பெட்டியும் போட்டோம். அதன்பிறகு நான் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். “இடது வளைவு, மெதுவா… இப்ப சாயறோம்… நிமிர்றோம்.” அவர் என்னோடு சாய்ந்தார். வண்டி ஒரே ஆள் ஓட்டுவதுபோல் போனது. கொஞ்சம் கொஞ்சமாக வளைவுகளைத் தாண்டி மற்றதையும் சொல்ல ஆரம்பித்தேன். வலது பக்கம் மீன் பண்ணை. இடது பக்கம் வேலிமேல் ஒரு கொக்கு. “என்ன கொக்கு?” என்று கேட்பார். எனக்குத் தெரியாது. சாம்பல் கலர் என்பேன்.

போன மாதம் பாயோடு சேர்ந்து முதல்முறையாக எல்லை தாண்டி மலேசியாவின் தேசாரு கடற்கரைக்குப் போனோம். விடியும்போதே எல்லைப் பாலத்தில் நூற்றுக்கணக்கான மோட்டார்சைக்கிள்கள். மலேசியச் சாவடியில் இருந்த அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “அக்காவா ஓட்டுறாங்க?” என்று மலாயில் கேட்டார். “ஆமா, நான் வெறும் லக்கேஜ்,” என்று இவர் மலாயிலேயே சொன்னார். அதிகாரி சிரித்துக்கொண்டே கடப்பிதழ்களைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வருடத்துக்கு முன்னால் இதை வேடிக்கையாகச் சொல்ல அவரால் முடிந்திருக்காது.

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலையில் இவர் குரல் காதுக்குள் வந்தது. “மெதுவாக்கு. பின்சக்கரம் நழுவுது.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“தெரியாது. நான் அதுமேலதான் உக்காந்திருக்கேன். ஓரங்கட்டு.”

நிறுத்திப் பார்த்தால் பின்டயரில் ஓர் ஆணி. பாதிக் காற்று இறங்கியிருந்தது. வேகத்தில் போயிருந்தால் என்னவாகியிருக்குமோ. முன்னால் போன பாயும் திரும்பி வந்துவிட்டார். ஒட்டுப்போடும் சாமான் பெட்டிக்குள் இருந்தது. பாய் சட்டைக் கையை மடித்தார். இவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அவ பண்ணுவா பாய்.”

குறட்டால் ஆணியைப் பிடுங்கினேன். துளையைத் துருவியால் தேய்த்தேன். பசை தடவிய ரப்பர்த் துண்டை ஊசியில் கோத்து, முழு பலத்தோடு உள்ளே குத்தி, ஊசியை மட்டும் வெடுக்கென்று இழுத்தேன். ரப்பர் உள்ளே நின்றுகொண்டது. இவர் பம்பு அடித்தார். துளைமேல் எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்த்தேன், குமிழ் வரவில்லை. இத்தனைக்கும் நடுவில் இவர் ஒரு வார்த்தைகூட எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு அது ரொம்பப் பிறகுதான் உறைத்தது. தேசாருவில் கடலைப் பார்த்தபடி ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தபோது.

அந்த ஆணிக் கதையை பாய் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே டயரைக் கண்டுபிடிக்கிற அண்ணன் என்று பேராகிவிட்டது. இப்போதெல்லாம் யார் வண்டியில் புரியாத சத்தம் கேட்டாலும் இவரைக் கூப்பிடுகிறார்கள். இவர் இன்ஜின்மேல் கைவைத்து, தலையைச் சாய்த்துக் கேட்கிறார். பாதிக்குமேல் சரியாகச் சொல்லிவிடுகிறார். சொட்டு மருந்தும் வேளை தவறுவதில்லை.

நேற்று முன்தினம் ஞாயிறு. நான் எழுந்தபோது அவர் இல்லை. ஒரு பெண்ணின் வண்டியில் ஏதோ தட்டும் சத்தமாம், அதைப் பார்க்க முதல் ரயிலிலேயே பட்டறைக்குப் போவதாகச் சீட்டு எழுதி வைத்திருந்தார். தோசைக்கல்லை அடுப்பில் வைத்தபோது போன் அடித்தது.

“பதினேழாம் நம்பர் ஸ்பேனர மறந்துட்டேன் மா. எடுத்துட்டு வர்றியா?”

“சாப்பிட்டீங்களா?”

“இல்ல. இங்க நாலு பேர் இருக்கோம்.”

அடுப்பை அணைத்துவிட்டு, ஸ்பேனரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை வழியாகப் போனேன். ஐந்து பேருக்குத் தோசை வாங்கிக்கொண்டு.